பத்து வருஷமாக இருப்பவரின் ஆங்கிலம்

ஆடித் தபசுக்குத் திரளும் ஜனத்தாலும் விசைத்தறிகளின் ஓயாத சப்தத்தாலும் பெயர்பெற்ற சங்கரன்கோவிலில், தமிழ் வழியில் படித்துவிட்டுப் போட்டிப் பரீட்சைக்கோ வெளியூர் உத்தியோகத்துக்கோ ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், புத்தியின் குறைவன்று. தாய்ப்பாஷையின் அமைப்பு அந்நிய பாஷைக்குள்ளும் கூடவே வந்து நின்றுகொள்வதுதான்.

வேற்றுமை உருபைப் பெயரின் பின்னே ஒட்டிப் பழகிய நமக்கு, 'இன்', 'ஆன்', 'அட்' என்பவற்றைப் பெயரின் முன்னே வைப்பதும், தமிழில் நேர் இணையில்லாத 'ஏ', 'தி' என்னும் சிறு பதங்களை இடமறிந்து இடுவதும் நெடுநாள் அப்பியாசத்தாலன்றி வருவதில்லை. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை காலந்தான். "பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்வது நமக்கு முற்றும் சரி. அதே வழக்கில் "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்றால் இலக்கணக்காரர் முகம் சுளிப்பார். "ஐ ஹாவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால்தான் அவருக்குத் திருப்தி. (இரண்டிலும் அர்த்தம் விளங்கிவிடுகிறது என்பது வேறு விஷயம்.)

இத்தொல்லைகளைக் கடக்க, ரென், மார்ட்டின் இருவரின் தடித்த இலக்கணப் புத்தகத்தை விதி விதியாக நெட்டுருப் போடுவதும், லிப்கோ அகராதியில் பதங்களைத் தனித்தனியே பொறுக்குவதும் நம்மவர் வழக்கம். ஆயினும் ஒரு சொல் எதனோடு சேர்ந்து வருகிறதென்று கவனித்து முழு வாக்கியமாக ஒரு நோட்டில் எழுதிவைப்பதே மேல். ஆங்கிலத்தில் முடிவெடுப்பதற்கு 'மேக்' வேண்டும், வீட்டுப்பாடத்துக்கு 'டூ' வேண்டும், இந்தச் சேர்க்கையை விதி எதுவும் கற்பிக்காது. அந்த நோட்டை மறுநாளும், ஒரு வாரங்கழித்தும், மறக்கத் தொடங்கும் தறுவாயிலும் மூடிவைத்து ஞாபகத்திலிருந்தே வரவழைத்துப் பார்ப்பது, 1885-ல் ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் ஞாபகசக்தியைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து, உளநூலார் பலரும் ஒப்புக்கொண்ட முறையாகும்.