துப்பாக்கி கிடைக்கும், தோட்டா வந்து சேருமா?

புது தில்லி: சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்படும் பயணிகள் கப்பல், ஏறத்தாழ அறுபது மணி நேரம் வங்கக் கடலைக் கடந்த பின்னரே அந்தமானின் ஹேடோ துறையை அடைகிறது. அரிசி, சிமெண்ட், டீசல், மருந்து எனத் தீவில் விளையாததும் உற்பத்தியாகாததும் கப்பலேறித்தான் வர வேண்டும். போர்ட் பிளேர் என வழங்கிவந்து, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரின் ஒரு பகுதி ஹேடோ. நாட்டின் முதல் முப்படைக் கூட்டுத் தலைமையகம் 2001-ல் அமைக்கப்பட்டதும் இந்நகரில்தான். அதன் பொறுப்பில் உள்ள தென்கோடித் தளமான காம்ப்பெல் பே, இங்கிருந்தும் சுமார் 300 கடல் மைல் தொலைவில் இருக்கிறது.

ராணுவச் சிப்பாயின் கையில் எந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும் என்ற விவாதம் தில்லியில் நாற்பது ஆண்டுகளாக ஓயவில்லை. அதில் தோட்டாவைப் பற்றிய பேச்சு எப்போதும் பின்வரிசையில்தான். அமெரிக்க ராணுவம் 2022 ஏப்ரலில் 6.8 மி.மீ. தோட்டாவுக்கு மாறுவதாக முடிவெடுத்த பிறகு, நாமும் அந்த வழியில் செல்லலாமா என்ற கேள்வி பாதுகாப்புத் துறை ஆர்வலர்களிடையே எழுந்துள்ளது. அதற்கு விடை தேட வேண்டிய இடம் துப்பாக்கி சுடும் மைதானம் அல்ல, ஹேடோ போன்ற ஒரு கப்பல் துறை என்றே தோன்றுகிறது.

எண்களின் குழப்பம்: தோட்டாவைக் குறிக்கும் இரண்டு எண்களில் முதலாவது குண்டின் விட்டம், அடுத்தது வெடிமருந்து நிரப்பிய உலோகக் கூட்டின் நீளம். இந்திய ராணுவத்தில் இன்று 5.56×45, 7.62×39, 7.62×51 என மூன்று வகைத் தோட்டாக்கள் சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கிகளிலேயே புழங்குகின்றன. தொலைதூரம் குறிபார்த்துச் சுடும் டிராகுனோவ் துப்பாக்கிக்கு வேண்டியது 7.62×54 என்ற வேறொன்று. '7.62' என்று மட்டும் எழுதி அனுப்பினால் மூன்றில் எது வரும் என்று சொல்ல இயலாது. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் போட்டுச் சுடவும் முடியாது.

எடையையும் பார்க்க வேண்டும். 5.56×45 தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். 7.62×39 சுமார் 16 கிராம். 7.62×51 ஏறத்தாழ 24 கிராம். 150 தோட்டாக்களைச் சுமக்கும் சிப்பாய்க்கு முதல் வகையில் 1.8 கிலோ, கடைசி வகையில் 3.6 கிலோ. கப்பலில் ஏற்றும் கணக்கும் இதே விகிதத்தில்தான் பெருகும்.

துப்பாக்கி வந்தது, தோட்டா வரவில்லை: 1962 சீனப் போரில் நமது வீரர்கள் பழைய .303 துப்பாக்கியுடன் நின்றனர். அதன்பின் இஷாப்பூர் தொழிற்சாலை 7.62×51 தோட்டாவைச் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பெருமளவில் தயாரித்தது. 1980-களில் உலகம் சிறிய தோட்டாவை நோக்கி நகர்ந்தபோது, புணேயில் உள்ள படைக்கல ஆராய்ச்சி நிறுவனம் 5.56 மி.மீ. 'இன்சாஸ்' குடும்பத்தை வடிவமைக்கத் தொடங்கியது. எடை குறைவு, அதிகத் தோட்டாக்களைச் சுமக்கலாம், காயமடைந்த எதிரியைத் தூக்கிச் செல்ல இன்னும் இருவர் களத்தை விட்டு விலக நேரும் என்பவை அன்று சொல்லப்பட்ட காரணங்கள்.

இன்சாஸ் வருவதற்குள் காஷ்மீரில் தீவிரவாதம் வெடித்தது. இடைக்கால ஏற்பாடாக 1990-களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் இருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் வாங்கப்பட்டன. அவற்றோடு 7.62×39 தோட்டாவும் உள்ளே வந்தது. தாற்காலிகமாக வந்தது வெளியேறவே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆனால் அதற்கு வேண்டிய 5.56 தோட்டாவைப் போதிய அளவில் உள்நாட்டில் தயாரிக்க இயலாததால் துப்பாக்கியைப் படைகளுக்கு வழங்குவதே தாமதமானது. கடைசியில் இஸ்ரேலில் இருந்து பெருமளவில் தோட்டாக்களை இறக்குமதி செய்து நிலைமையைச் சமாளித்தனர். 1999 கார்கில் போரில் இன்சாஸ் சிக்கிக்கொண்டதும், குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதற்கு முந்தைய தோட்டாப் பஞ்சம் ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உலகமெங்கும் கிடைக்கும் தோட்டா என்பதால் அன்று இஸ்ரேலை நாட முடிந்தது. யாரும் தயாரிக்காத ஒரு வகையை நாம் தேர்ந்தெடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

எல்லாவற்றையும் சுடும் துப்பாக்கி: எந்தத் தோட்டா என்று முடிவெடுக்க முடியாத ராணுவம், 2011-ல் குழலை மாற்றி 5.56×45, 7.62×39 ஆகிய இரண்டையும் சுடக்கூடிய துப்பாக்கிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. பல வெளிநாட்டு நிறுவனங்கள் போட்டியிட்ட அந்தத் திட்டம் 2015-ல் கைவிடப்பட்டது. அதே காலத்தில் டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய பல்குழல் துப்பாக்கியில் இவ்விரண்டோடு 6.8×43 என்ற மூன்றாவது தோட்டாவுக்கும் இடம் அளிக்கப்பட்டது. ஒரு சிப்பாய்க்கு இரண்டு குழல்களையும் இரண்டு வகைத் தோட்டாவையும் அனுப்புவது எப்படி என்று கேட்டிருந்தால், கோப்பு அவ்வளவு தூரம் நகர்ந்திருக்காது.

அடுத்து, காயப்படுத்தினால் போதாது, வீழ்த்த வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று, ராணுவம் மீண்டும் 7.62×51-க்குத் திரும்பியது. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானது. இதில் 66,400 தரைப்படைக்கும், 2,000 கடற்படைக்கும், 4,000 விமானப்படைக்கும் ஒதுக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 73,000 துப்பாக்கிகள் கோரப்பட்டன. 2020-ல் இஸ்ரேலிடம் கேட்ட 16,479 நெகேவ் இலகு ரக இயந்திரத் துப்பாக்கிகளும் இதே தோட்டாவைச் சுடுபவை. துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியும் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு.

ஆனால் எண்ணிக்கையில் பெரிய ஆணை 7.62×39-க்கே சென்றது. அமேதி தொகுதியைச் சேர்ந்த கோர்வாவில் இந்திய-ரஷியக் கூட்டுத் தொழிற்சாலையை 2019 மார்ச் 3-ஆம் தேதி, மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். 6,01,427 ஏ.கே.-203 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாக 2021 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2024 ஜூலைக்குள் 35,000 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன.

தமிழக வாசகர்களுக்கு இதில் ஒரு மனக்குறை இருக்கலாம். 1966-ல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, 7.62×39 தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைத் தன் சொந்த முயற்சியில் ஏற்கெனவே உருவாக்கியிருந்தது. பெரிய ஆணை அமேதிக்குச் சென்றதில் அரசியல் இல்லை என்று நம்புவது கடினம். தோட்டா பொதுவானது என்பதால் கோர்வாவில் தாமதம் நேர்ந்தாலும் திருச்சியின் துப்பாக்கி பயனற்றுப் போகாது என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

உள்நாட்டு அரிய தோட்டா: அதிகம் புழங்காத தோட்டாவைத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. இன்சாஸ் குடும்பத்தில் குட்டித் துப்பாக்கியான கார்பைன் மட்டும் தேறவில்லை. குட்டைக் குழலில் 5.56×45 தோட்டா அதிக அதிர்வையும் தீச்சுடரையும் தந்தது. எனவே கூட்டைக் குறைத்து 5.56×30 என்ற தோட்டாவை நமது விஞ்ஞானிகளே உருவாக்கினர். அதற்கான கார்பைன் 2020 டிசம்பரில் இறுதிக்கட்டச் சோதனைகளை முடித்தது. துப்பாக்கி கான்பூரிலும், தோட்டா புணேயை அடுத்த கட்கியிலும் தயாராகின்றன.

வடிவமைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. அதிர்வு குறைவு, எடை குறைவு, நெருங்கிய மோதலுக்கு ஏற்றது. ஆயினும் இத்தோட்டாவை உலகில் வேறெந்தப் பெரிய ராணுவமும் பயன்படுத்துவதில்லை. கட்கியில் ஓர் இயந்திரம் நின்றால் அவசரத்துக்குக் கடன் கேட்க ஒரு நாடு கிடையாது. மத்திய ஆயுதப் படைகளும் சில மாநிலக் காவல் துறைகளும் இந்தக் கார்பைனை வாங்கியுள்ளன. அருகிலேயே கிடங்கும் சாலையும் உள்ள காவல் படைக்கு இது பொருந்தும். கடலுக்கு அப்பால் நிற்கும் படைப்பிரிவுக்கும் அதே தீர்ப்பைச் சொல்ல முடியாது.

ஜப்பான் விட்டுச்சென்ற பாடம்: அந்தமானை 1942 மார்ச் 23-ஆம் தேதி கைப்பற்றிய ஜப்பான், தோட்டா மாற்றத்தின் நடுவில் போருக்குள் நுழைந்த நாடு. அதன் தரைப்படை 6.5 மி.மீ. தோட்டாவில் இருந்து 7.7 மி.மீ. தோட்டாவுக்கு 1939-ல் மாறத் தொடங்கியது. மாற்றம் முடிவதற்குள் போர் பசிபிக் முழுவதும் பரவியதால் இரண்டும் சேர்ந்தே களத்துக்குச் சென்றன. கடற்படையோ பிரிட்டனின் .303 தோட்டாவைப் பின்பற்றிய வேறொரு 7.7-ஐ வைத்திருந்தது. தரைப்படையின் 7.7 அதற்குப் பொருந்தாது. ஒரே தீவில் இரு படைகளும் நின்றால், பக்கத்துப் பதுங்குகுழியில் இருக்கும் பெட்டி கைக்கு எட்டியும் பயன்படாது. போரின் கடைசி ஓராண்டில் கப்பல் போக்குவரத்து அறுபட்டபோது அந்தமானில் உணவுக்கே பஞ்சம் வந்தது. பொதுமக்கள் பட்ட துயரம் சொல்லி முடியாதது. கடல்வழி அடைபட்ட தீவில், ஏற்கெனவே கிடங்கில் இருப்பது மட்டுமே படைக்கு மிஞ்சும்.

இத்தாலி சற்று விழிப்புடன் இருந்தது. 1938-ல் 7.35 மி.மீ. தோட்டாவுக்கு மாறத் தொடங்கி, போர் நெருங்கியதும் 1940-ல் பழைய 6.5-க்கே திரும்பியது. பிரிட்டனின் கதை வேறு. அட்லி அரசு 1951-ல் .280 என்ற நடுத்தரத் தோட்டாவையும் அதற்கான துப்பாக்கியையும் ஏற்றது. அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த சர்ச்சில், அமெரிக்காவுடனும் நேட்டோவுடனும் ஒத்துப்போக வேண்டி அதைக் கைவிட்டார். நேட்டோ 7.62×51-ஐ ஏற்றது. அதை வற்புறுத்திய அமெரிக்காவே அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் 5.56-க்குத் தாவியது தனிக் கதை. பெரியவரின் பின்னால் நடப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அமெரிக்கா இப்போது தேர்ந்தெடுத்துள்ள 6.8×51 தோட்டா, மார்புக் கவசம் அணிந்த எதிரியைத் தொலைவில் இருந்தே துளைப்பதற்கானது. சாதாரணப் பித்தளைக் கூடு அந்த அழுத்தத்தைத் தாங்காது என்பதால் அடிப்பகுதி எஃகினால் செய்யப்படுகிறது. 30 தோட்டா கொண்ட மேகசினுக்குப் பதில் 20 தோட்டா கொண்டதைச் சிப்பாய் சுமக்கிறார். இதற்கெனவே மிசௌரி மாநிலத்தில் உள்ள ராணுவத் தோட்டாத் தொழிற்சாலை வளாகத்தில் தனி ஆலை கட்டும் பணி 2025-ல் தொடங்கியது. நமது டி.ஆர்.டி.ஓ. முயன்ற 6.8×43 தோட்டாவுக்கும் இதற்கும் குண்டின் விட்டத்தைத் தவிர ஒற்றுமை இல்லை.

கிடங்கு சொல்லும் கணக்கு: தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்த அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. பீரங்கிக் குண்டு உள்பட ராணுவத்தின் 152 வெடிமருந்து வகைகளில் 61 வகைகள், தீவிரப் போர் மூண்டால் பத்து நாளைக்குக்கூடப் போதாது என்று அது கூறியது. 2016 செப்டம்பர் நிலவரம் அது. அதன்பின் அவசரக் கொள்முதல் அதிகாரங்கள் தரப்பட்டன. தனியாரும் களமிறங்கினர். 2024 பிப்ரவரியில் கான்பூரில் ஆலை தொடங்கிய அதானி குழுமம், ஆண்டுக்கு 15 கோடி சிறிய ரகத் தோட்டாக்களைத் தயாரிப்பதாகவும், அது நாட்டின் தேவையில் கால் பங்கு என்றும் அறிவித்தது. உற்பத்தி பெருகுவது நல்லதே. ஆயினும் ஒவ்வொரு புதிய வகைக்கும் தனி இயந்திர வரிசை, தனிச் சோதனை, தனிக் கையிருப்பு, தனிப் பயிற்சி ஒதுக்கீடு தேவை. கையிருப்பை மூன்றாகப் பிரிப்பதே சிரமம் என்னும்போது, நான்காகப் பிரித்தால் தொலைவில் உள்ள கிடங்கின் பங்குதான் முதலில் சுருங்கும்.

எல்லைக் கோட்டு மலைமுகடுகளில் 500 மீட்டர் தொலைவு சுடும் துப்பாக்கிக்கு வேலை இருக்கிறது. அடர்ந்த காடு சூழ்ந்த அந்தமானில் அத்தகைய பார்வைத் தூரமே அரிது. கவசம் துளைக்கும் விலை உயர்ந்த தோட்டாவைவிட, உப்புக்காற்றிலும் ஈரத்திலும் கெடாத பெட்டிகளில், முப்படைகளும் பகிர்ந்துகொள்ளக்கூடிய சாதாரணத் தோட்டா போதிய அளவு இருப்பதே அங்கு முக்கியம். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இனி எந்தப் புதிய துப்பாக்கியைப் பற்றி விசாரித்தாலும், அதன் தோட்டாவை எத்தனை ஆலைகள் தயாரிக்கின்றன, தீவுகளில் எத்தனை நாள் கையிருப்பு வைக்கப்படும் என்ற இரு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும்.

ராணுவம் அண்மையில் எடுத்த ஒரு முடிவு இந்த வகையில் நம்பிக்கை அளிக்கிறது. 4.25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்களை வாங்க ரூ. 2,770 கோடிக்கு பாரத் ஃபோர்ஜ், பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்களுடன் 2025 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்தப்போகும் இவற்றுக்கு 5.56×30 தோட்டா தேர்ந்தெடுக்கப்படவில்லை. இன்சாஸுக்காக மகாராஷ்டிரத்தின் வரண்காவ் தொழிற்சாலை பல ஆண்டுகளாகத் தயாரித்துவரும் அதே 5.56×45 தோட்டாவையே இவையும் சுடும்.