காத்திருப்புக்கு விலை உண்டா?

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திலிருந்து நல்லூர், வேப்பூர் வழியாகத் திருச்சி-சென்னை தேசிய நெடுஞ்சாலையை எட்டும் லாரி ஓட்டுநர்களிடம், 'பயணத்தில் எது சிரமம்?' என்று கேட்டுப் பாருங்கள். விபத்தைப் பற்றியோ குண்டும் குழியுமான சாலையைப் பற்றியோ அவர்கள் முதலில் பேசுவதில்லை. வண்டியை நிறுத்த நிழலில்லை, குளிக்கத் தண்ணீரில்லை, கண்ணயர்ந்தால் டீசலையும் தார்ப்பாய்க் கயிற்றையும் களவாடிவிடுகிறார்கள், மொழி தெரியாத ஊரில் கிடங்குக் காவலாளி கழிப்பறையைக்கூடத் திறந்துவிடுவதில்லை என்பவையே அவர்களின் குறைகள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அற்பமானவை. ஆனால், இவை அனைத்தும் வண்டி ஓடும்போது நேர்வதில்லை, நிற்கும்போது நேர்கின்றன.

ஓட்டத்தை விரைவுபடுத்த அரசு நிறையவே செய்திருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. சுங்கச்சாவடியில் ஒரு வண்டி 10 விநாடிக்கு மேல் காத்திருக்கலாகாது என்று அதே ஆண்டு மே மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதியும் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல நடவடிக்கைகளே. ஆனால், சாவடியில் மிச்சமாகும் நேரத்தைக் கிடங்கின் வாசல் விழுங்கிவிடுகிறது.

பீங்கான் சரக்கு இதற்கு நல்ல உதாரணம். வைக்கோல் பொதிந்து அடுக்கிய பொருளை அவசரமாக இறக்க முடியாது. உடைந்தது எது என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெருநகரங்களில் கனரக வாகனங்களுக்குப் பகல் நேரத் தடை இருப்பதால், ஊர் எல்லையிலேயே பொழுது போய்விடும். இரவில் உள்ளே நுழைந்தால் இறக்கும் ஆள்கள் இருக்கமாட்டார்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிடப்படும் மின்வழிச் சீட்டின் கெடு அப்போதும் நடந்துகொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. முனையத்தில் சும்மா காத்திருப்பதையும் வேலை நேரத்தில் சேர்த்தது. ஆனால், 15 நிமிடத்துக்குக் குறைவான காத்திருப்பை மட்டும்! பேருந்து நிலையத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும். பதினைந்து மணி நேரம் கிடங்கு வாசலில் கிடப்பவரின் நேரம் எந்தக் கணக்கில் சேரும்?

பொருளியலில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. விலையில்லாத எதுவும் விரயமாகும். விருத்தாசலம் ரயில் சந்திப்பும்கூட. ரயில் பெட்டியில் வந்த சரக்கைக் குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால், ரயில்வே தாமதக் கட்டணம் வசூலிக்கும். ஆகவே, ஆள்கள் தயாராக நிற்பார்கள். லாரியைக் காக்கவைப்பதற்கோ பெரும்பாலும் செலவே இல்லை. சில ஒப்பந்தங்களில் 'ஹால்டிங்' தொகை உண்டு என்றாலும், அது உரிமையாளரைச் சேரும். நடைக்கு இவ்வளவு என்று படி வாங்கும் ஓட்டுநருக்கு, நின்ற நாள் நட்ட நாள்தான். சக்கரம் பூட்டிய இலவசக் கிடங்காக லாரியைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு அவசரப்படக் காரணம் ஏதுமில்லை.

இழந்த நேரத்தை ஓட்டுநர் எங்கே ஈடுகட்டுவார்? தூக்கத்தில்தான். அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் வண்டி ஓட்டுவதாக 2020-இல் வெளியான சேவ்லைஃப் அறக்கட்டளையின் ஆய்வு தெரிவித்தது. அதிகாலை நெடுஞ்சாலையில் நம் குடும்பத்தோடு காரில் போகும்போது, எதிரே வருபவர் முந்தின நாள் எங்கே எவ்வளவு நேரம் நின்றிருந்தார் என்பது நமக்கும் தொடர்புடைய கேள்வியே.

மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இப்போது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மாநில விதிகளில் இதற்கு வழி செய்யலாம். வண்டி வாசலுக்கு வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் சரக்கு ரசீதில் பதியச் செய்வது முதல் வேலை. இத்தனை மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, அதில் ஒரு பங்கு ஓட்டுநருக்கு என்று எழுத வேண்டும். சரக்கைப் பெறும் கிடங்கு தன் கழிப்பறையை அவருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதையும் அதே விதியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அதற்குத் தனியாக நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.