பெரிய வண்டியின் கியர் எண்ணெய் சொல்லும் சேதி

ஒரு காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் பெரிய வண்டி ஒன்று வந்தால், அது துரையின் லேண்ட் ரோவராகத்தான் இருக்கும். ஆயக்கொட்டகைப் பிள்ளைகள் முதல் பெரட்டுக் களத்தில் நிற்கும் பெரியவர்கள் வரை எல்லாரும் ஒதுங்கி வழி விடுவார்கள். இன்று காலம் மாறிவிட்டது. சுவா பெத்தோங், பிராட்வால், லின்சம் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் வேலை பார்க்கிறார்கள். அண்ணன் தம்பிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஏழு பேர் உட்காரக்கூடிய ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் போன்ற வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடுகிறார்கள். பத்துமலைத் தைப்பூசமா, பகாவில் பெண் பார்க்கும் சடங்கா, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிற குடும்பத்தார்கூட, ஆட்டோ கியர் பெட்டிக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு வடிகட்டி உண்டு என்று சொன்னால், "அப்படியா?" என்று வியப்பவர்களே அதிகம். எண்ணெயும் வடிகட்டியும் மாற்றச் சில நூறு வெள்ளி ஆகலாம். கியர் பெட்டி எரிந்துபோனாலோ பல ஆயிரம் வெள்ளி வேண்டும். மூன்று பிள்ளைகளின் போனஸ் பணம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

கிளட்ச் மிதித்து ஓட்டும் லோரியில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது கிளட்ச் தட்டு. ஆட்டோ வண்டியில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் பெரிய பூசணிக்காய் பருமனில் மூடிய பாத்திரம் ஒன்று இருக்கும். அதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். உள்ளே விசிறி போன்ற இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அது எண்ணெயை வீச, அந்த வேகத்தில் மற்றது சுழல்கிறது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கிப் பாருங்கள், விஷயம் சட்டென்று புரிந்துவிடும். இதே எண்ணெய்தான் அழுத்தத்தோடு ஓடிக் கியரை மாற்றுகிறது, பல்சக்கரங்கள் தேயாமல் காக்கிறது, உள்ளே உண்டாகும் சூட்டைச் சுமந்து சென்று வெளியே ஆற்றிவிட்டும் வருகிறது. இத்தனை வேலை செய்கிற ஒன்று வருடக்கணக்கில் கெடாமல் இருக்குமா?

நம் மாநிலத்துச் சாலைகள் வேறு இதற்குச் சோதனை. சிரம்பானிலிருந்து கோலப்பிலா போக புக்கிட் புத்துஸ் மேட்டை ஏற வேண்டும். ஜெலுபு போக புக்கிட் தங்கா. ஏழு பேரும் சாமான்களும் ஏறிய வண்டி அந்த ஏற்றத்தில் முக்கி முனகும்போது கியர் எண்ணெய் கொதிநிலைச் சோறு போல் சூடேறுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்துறையினரின் கைக்கணக்கு. சில கம்பெனிகள் இந்த எண்ணெயை வண்டியின் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று சொல்லி விற்கின்றன. வண்டியின் ஆயுள் எத்தனை வருடம் என்று மட்டும் சொல்வதில்லை! வண்டிப் புத்தகத்தைப் புரட்டினால், மலைச்சாலை, அதிகச் சுமை, ஊர்ந்து போகும் நெரிசல் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று தனியாகக் குறித்திருப்பார்கள். நம்முடையது அந்த வகை. 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது என்பதே என் அபிப்பிராயம்.

வடிகட்டி என்ன செய்கிறது என்று பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாளியில் வரும் பாலில் பட்டையும் இலையும் கட்டிப் பாலும் கலந்திருக்கும். ஸ்டோரில் சல்லடை வைத்து வடித்த பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார்கள். அதே கதைதான் இங்கேயும். கியர் தட்டுகள் தேய்ந்து உதிரும் தூள், எண்ணெய் ஓடும் நுண்ணிய வழிகளை அடைத்துவிடாமல் வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. அது அடைத்துக்கொண்டால் எண்ணெய்ப் பம்பு உறிஞ்ச வழியில்லாமல் திணறும். கியர் தாமதமாக விழும், மேட்டில் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகராது. (பால்மரத்தைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கியர் பெட்டியின் சீல்களுக்கு நாம் வெட்டிய மரத்து ரப்பர் உதவாது. எண்ணெயில் ஊறினால் அது உப்பிப்போகும். ஆகவே அங்கே செயற்கை ரப்பர்தான்.)

இந்த எண்ணெய்க்கு ஒரு விசித்திரமான பூர்வீகமும் உண்டு. பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோ கியர் வண்டி, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 1940 ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில். பின்னாளில் பல ஆண்டுகள் ஆட்டோ கியர் எண்ணெயில் ஸ்பெர்ம் வகைத் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களுக்குத் தடை போட்டதும் வேறு கலவை தேடி ஓட வேண்டியதாயிற்று.

எண்ணெயைப் படித்துப் பாருங்கள்

மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல, கியர் பெட்டியின் உடல்நிலையை அதன் எண்ணெயே சொல்லிவிடும். புதிய எண்ணெய் பெரும்பாலும் குங்குமச் சிவப்பாக இருக்கும். உழைத்த எண்ணெய் பழுப்பேறும், அதற்காகப் பயப்பட வேண்டாம். கன்னங்கரேலென்று மாறி, தீய்ந்த வாடையும் அடித்தால் உள்ளே தட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் சிராப் பண்டோங் போல இளஞ்சிவப்பாக, பால் கலந்தாற்போல எண்ணெய் இருப்பது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது! பல வண்டிகளில் கியர் எண்ணெயை ஆற்றும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது விரிசல் கண்டால் ரேடியேட்டர் தண்ணீர் கியர் பெட்டிக்கு வந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் இப்படி நேரும். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் நம் மாநிலத்திலும் மற்ற இடங்களிலும் வந்த பெருவெள்ளத்தில் எத்தனை வண்டிகள் முங்கின என்பது நமக்குத் தெரியும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர்கள், பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் கியர் எண்ணெயில் நாலு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தட்டைக் கழற்றியதும் அதன் அடியில் சிறு காந்தங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் சாம்பல் நிறத்தில் மை போன்ற தூள் படிந்திருப்பது இயல்பு. விரலில் தேய்த்துப் பாருங்கள். விரலைக் குத்தும் சிலும்போ கண்ணுக்குத் தெரியும் துண்டோ இருந்தால், எண்ணெய் மாற்றுவதோடு காரியம் முடியாது.

"பழைய வண்டிக்குக் கியர் எண்ணெயை மாற்றாதே, மாற்றினால் கியர் நழுவும்" என்ற பேச்சு எல்லாப் பட்டறையிலும் உலாவுகிறது. இதில் பாதி உண்மை. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து போன வண்டி, எண்ணெயில் மிதக்கும் தூளின் பிடிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கும். புது எண்ணெய் வந்ததும் அந்தப் பிடிப்பும் போய், வழுக்கத் தொடங்கும். எண்ணெய் அதைக் கெடுக்கவில்லை, கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. கியர் ஒழுங்காக விழுகிற வண்டியானால், பழையதாக இருந்தாலும் தாராளமாக மாற்றலாம்.

வண்டிக்கு அடியில்

இந்த வேலையை வீட்டிலேயே செய்யும் கைப்பழக்கம் உள்ள பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது உயிர்ப் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். செங்கல்லையோ செம்பனைத் துண்டத்தையோ முட்டுக்கொடுக்காதீர்கள். நம் செம்மண்ணில் இரும்பு ஸ்டாண்டுகூட மழைக்குப்பின் இறங்கிவிடும், அதன் அடியில் தடித்த பலகை போட வேண்டும். உயரமான வண்டியில் பெரும்பாலும் தூக்காமலேயே படுத்து வேலை செய்யலாம். வண்டி சமமாக நிற்பதால் அளவு பார்ப்பதற்கும் அதுவே வசதி. அப்போதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், துணைக்கு ஓர் ஆளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எண்ணெய் ஊற்றும் அடைப்பானை முதலில் தளர்த்திப் பாருங்கள். பலர் வடிக்கும் அடைப்பானைத்தான் முதலில் திறப்பார்கள். எண்ணெய் எல்லாம் வடிந்தபின் ஊற்றும் அடைப்பான் துருப்பிடித்து அசைய மறுத்தால், வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. லோரியில் ஏற்றித்தான் போக வேண்டும்.

தட்டைக் கழற்றும்போது ஒரு மூலைப் போல்ட்டுகளை மட்டும் அதிகம் தளர்த்தி, எண்ணெயை அந்தப் பக்கமாகச் சாய்த்து வடியுங்கள். வடிந்தது எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய வடிகட்டியை இழுக்கும்போது அதன் ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது வடிகட்டியை அதன்மேல் மாட்டினால் காற்று உறிஞ்சும், கியர் விழாது. தட்டையும் காந்தங்களையும் கழுவித் துடைத்து, புதுக் கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அவை விரல் கனம்கூட இல்லாத சிறு போல்ட்டுகள். பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். டார்க் ஸ்பானர் இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைத்து முடுக்குவதே உத்தமம்.

இத்தகைய வண்டியின் கியர் பெட்டியில் மொத்தம் 8 முதல் 12 லிட்டர் வரை எண்ணெய் இருக்கும். தட்டைக் கழற்றினால் வருவதோ 3 முதல் 5 லிட்டர்தான். மிச்சம் கன்வெர்ட்டருக்குள் நின்றுவிடும். 10 லிட்டரில் 4 லிட்டர் மாறியது என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்கள் ஓட்டிவிட்டு மறுபடி 4 லிட்டர் வடித்து ஊற்றினால் புது எண்ணெய் 6.4 லிட்டராகும். மூன்றாம் முறை செய்தால் ஏறக்குறைய 7.8 லிட்டர். அடுத்தடுத்த முறைகளில் தட்டைக் கழற்ற வேண்டாம், அடைப்பானைத் திறந்து வடித்தாலே போதும். சில பட்டறைகளில் இயந்திரம் வைத்து முழு எண்ணெயையும் ஒரே மூச்சில் தள்ளி மாற்றுகிறார்கள். வடிகட்டியை மாற்றாமல் அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வரலாறு தெரியாத பழைய வண்டிக்குப் படிப்படியான வழியே பொருத்தம்.

அளவு பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டியானால், எண்ணெய் நன்றாகச் சூடானபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, புத்தகம் சொல்லும் கியர் நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. 2016இல் இங்கு வந்த ஆறு கியர் ஃபார்ச்சூனர் அந்த வகை. எஞ்சின் ஓடும்போது அடியிலுள்ள அளவு அடைப்பானைத் திறந்து, எண்ணெய் மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது எண்ணெயின் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நம் ஊர் நிழலிலேயே 32 டிகிரி! கடைத்தெருவுக்குப் போய்வந்த வண்டியில் எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டி, விரிந்து பொங்கி நிற்கும். குறைவாக இருந்தாலும் வழியும், நாமும் நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவோம். ஆகவே இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் ஸ்கேனர் வைத்துச் சூட்டைப் பார்த்துச் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் பட்டறையில் விடுவதே மேல்.

எண்ணெய் டப்பாவின் மேல் ஏ.டி.எப். என்று இருந்தால் மட்டும் போதாது. டொயோட்டாவிலேயே டி-4 என்று ஒன்று, டபிள்யூ.எஸ். என்று ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. நம் நாட்டுப் புரோட்டோன் எக்ஸ்70 வண்டியைப் பாருங்கள். 2018 இறுதியில் வந்தபோது ஆறு கியர் ஆட்டோ. 2020இல் இங்கேயே தயாரானபோது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஒரே பெயர், ஒரே முகம், கியர் பெட்டி மட்டும் வேறு. பட்டறையில் "தவுக்கே, என் வண்டிக்கு எந்த எண்ணெய்? டப்பாவைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். பில்லிலும் பெயரை எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, வடித்த பழைய எண்ணெய். லயத்துக் கால்வாயில் ஊற்றிவிட்டால் அது ஓடையில் சேர்ந்து ஆற்றுக்குப் போகும். கறையானுக்கு அடிக்கலாம், வேலிக் கட்டைக்குப் பூசலாம் என்று சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அதுவும் மழையில் கரைந்து அதே கால்வாய்க்குத்தான் போகிறது. 2005 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் பழைய எண்ணெயை அட்டவணைக் கழிவுகளில் சேர்த்திருக்கின்றன. நாட்டின் அட்டவணைக் கழிவுகளுக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய நிலையமும் 1998இல் நம் மாநிலத்து புக்கிட் நானாஸில்தான் இயங்கத் தொடங்கியது. பட்டறைக்காரர்கள் கழிவு எண்ணெயை உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். நீங்கள் புது எண்ணெய் வந்த டப்பாக்களிலேயே பழையதை ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய வடிகட்டியையும் ஒரு பையில் கட்டி, தெரிந்த பட்டறையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.