பாதி இன்ஜினில் ஒரு லாரி

விடியற்காலையில் நெல்லை டவுன் நயினார்குளம் மார்க்கெட் பக்கம் டீ குடிக்க நின்றால், கண்ணில் படுவதெல்லாம் குட்டி யானைகள்தான். சேரன்மகாதேவி, களக்காடு பக்கத்து வாழைத்தார், இலைக்கட்டு, மேலே தார்ப்பாய். பக்கத்தில் கிளாஸும் கையுமாக நின்றவர் கேட்டார்: “லாரின்னு சொல்லுதாவ, சத்தம் ஆட்டோ மாதிரிலா கேக்கு. ஏன் அண்ணாச்சி?”

காரணம் இருக்கிறது. 2005 மே மாதம் இந்தக் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், வருவதற்கு முன், சரக்கு ஏற்றுகிறவருக்கு மூன்று சக்கர லோடு ஆட்டோவை விட்டால் அடுத்தது 1986-ல் வந்த டாடா 407 மாதிரியான வண்டிதான். நடுவில் ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு வண்டி செய்யும் பொறுப்பு கிரீஷ் வாக் என்ற பொறியாளரிடம் வந்தது. அவருடைய குழு முதலில் லோடு ஆட்டோக்காரர்களிடம் போய்ப் பேசியது. நாலு சக்கர வண்டி வைத்திருந்தால் ஊரில் பெண் கிடைப்பது சுலபம் என்று ஒருவர் சொன்னாராம். சந்தை ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும்!

ஆனால் விலை, லோடு ஆட்டோக்காரருக்கு எட்ட வேண்டுமே. இன்ஜினைப் புதிதாகச் செய்யப்போனால் செலவு எகிறிவிடும். டாடாவின் கையில் இண்டிகா காரின் 1405 சிசி, நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. அதில் பாதியை எடுத்தார்கள்: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை டீசல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். இரண்டு சிலிண்டரில் ஒரே முறைதான். ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் இடைவெளிதான் நமக்கு ‘டப டப’ என்று கேட்கிறது. விலை சுமார் இரண்டேகால் லட்சத்தில் நின்றது அந்தச் சத்தத்தின் புண்ணியத்தில்தான்.

இன்ஜினை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். வண்டியின் மொத்த நீளமே 3.8 மீட்டர், அதில் சுமார் 2.2 மீட்டரைச் சரக்குக்கு விட முடிந்தது இதனால்தான். சித்திரை வெயிலில் மேலேயும் சூடு, கீழேயும் சூடு என்று ஓட்டுகிறவர் புலம்புவதற்கும் இதுதான் காரணம். அகலம் ஒன்றரை மீட்டர். ரத வீதியை ஒட்டிய சந்துக்குள் நுழையும், வாய்க்கால் கரையிலும் போகும். ஏற்ற வேண்டிய எடை எழுத்துப்படி 750 கிலோ. நம்மூரில் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதைப் பாபநாசம் ஏற்றத்தில் அது முனகுவதைக் கேட்டாலே தெரியும்.

நேரமும் கூடி வந்தது. நான்குவழிச் சாலைகள் வர வர லாரிகள் பெருத்தன. பெருத்த லாரி ஊருக்குள் வர முடியாது. பைபாஸில் இறங்கும் சரக்கைக் கடைவாசலுக்குக் கொண்டுபோக ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. லைசென்ஸ் குழப்பம் மட்டும் வெகுகாலம் இழுத்தது. கார் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் பணத்துக்காக வழக்காடியவர்களைக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும்.

போட்டிக்கு 2010-ல் மஹிந்திராவின் மேக்சிமோ வந்தது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அது ஒன்றேகால் டன் இழுக்கும். முழு வயலின் தாரையும் ஒரே நடையில் ஏற்ற நினைப்பவருக்கு தோஸ்தோ பொலீரோ பிக்கப்போதான் சரி என்பேன். கடைக்குக் கடை இறக்கிப் போகிற வேலைக்கு ஏஸை அடிக்க ஆளில்லை.

ஏஸிலும் மேஜிக், ஜிப், கோல்டு என்று வகைகள் பெருகின. 2022-ல் மின்சார ஏஸும் வந்துவிட்டது. ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. சரக்கோடு அவ்வளவு ஓடாது என்று கழித்துக்கொண்டாலும், அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை வந்து திரும்ப 70 கிலோமீட்டர் சொச்சம்தான். 2025-ல் ஏஸ் புரோ வந்தபோது அதன் ஆரம்ப விலை 3.99 லட்சமாக இருந்தது. இருபது வருஷம் கழித்தும் கம்பெனி குறிவைப்பது அதே லோடு ஆட்டோக்காரரைத்தான்.