டேப்பும் சர்வரும் ஒரே ரேக்கில் இருந்தால்?

நூம்பலில் நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறார். தரைத்தளம். "பேக்கப் தினமும் கரெக்டா ஓடுது சார், வர்ச்சுவல் டேப் போட்டிருக்கோம்" என்றார். அந்த டேப் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சர்வர் இருக்கும் ரேக்கின் கீழ்த்தட்டைக் காட்டினார். தண்ணி வந்தால் முதலில் நனையப்போவது அதுதான்.

வர்ச்சுவல் டேப் என்பது டேப் வேஷம் போட்ட ஹார்ட் டிஸ்க். பேக்கப் மென்பொருள், நிஜ டேப் டிரைவில் எழுதுவதாகவே நினைத்துக்கொள்ளும். உண்மையில் அது டிஸ்கில் ஒரு பெரிய ஃபைல். வேகம் உண்டு, நாடா சிக்கும் தொல்லை கிடையாது. ஆனால் நிஜ டேப்பில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் கழற்றி வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வர்ச்சுவல் வந்ததும் அந்தப் பழக்கம் மறந்துபோனது.

2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து' நாளிதழ் வெளிவரவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அதுவே முதல்முறை என்றார்கள். மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச்சேர முடியவில்லை. மழை வந்த பிறகு டிஸ்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பாடம். அன்றைக்கு ரோடும் இருக்காது, நெட்டும் இருக்காது. பிரதி முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

எப்படி அனுப்புவது? எழுதிக்கொண்டிருக்கும் டேப்பை அப்படியே காப்பி எடுக்கக் கூடாது. பாதி எழுதியதுதான் போய்ச்சேரும். முதலில் டிரைவிலிருந்து இறக்கி, எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். பிறகு என்கிரிப்ட் செய்து அனுப்பி, இரண்டு பக்கமும் செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகும்வரை இங்கே இருப்பதை அழிக்கக் கூடாது.

நண்பரிடம் இருந்தது 3 டெராபைட். 50 எம்பிபிஎஸ் அப்லோடு லைனில் நிற்காமல் ஓடினாலே ஐந்தரை நாள் ஆகும். அதனால் முதல் பிரதியை டிஸ்கில் எடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். அதன்பின் தினசரி மாற்றங்கள் மட்டும் ராத்திரியில் லைன் வழியாகப் போகின்றன. கிளவுட் ஆர்க்கைவில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: விலை குறைந்த அடுக்குகளில் டேப்பைத் திரும்ப எடுக்கவே பல மணி நேரம் ஆகலாம்.

கடைசியாக ஒரு சோதனை. சர்வரே இல்லை என்று வைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் டிஸ்கிலிருந்து ஒரே ஒரு லெட்ஜரை மீட்டுப் பார்க்கச் சொன்னேன். முடியவில்லை! என்கிரிப்ஷன் சாவி சர்வருக்குள்ளேயே இருந்தது. எந்த டேப்பில் எது என்ற பட்டியலும் அங்கேதான். டேப்பை முழுக்க ஸ்கேன் செய்து பட்டியலை மறுபடி உருவாக்கிவிடலாம். சாவி போனால் போனதுதான்.

இப்போது சாவி வேறொரு வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு ஃபைலை மீட்டுப் பார்க்கிறார். 2011-இல் ஒரு மென்பொருள் கோளாறில் சிலரின் ஜிமெயில் அழிந்தபோது, கூகுளே டேப்பிலிருந்துதான் மீட்டது. ஒருமுறையாவது மீட்டுப் பார்க்காத பேக்கப், வெறும் நம்பிக்கைதாங்க.