தில்லியிலிருந்து வெளிநாடு கிளம்புகிறீர்களா?

டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் கணக்குப் போடுகிற பலர், கார்டு வழியாகக் கரையும் பணத்தைச் சேர்ப்பதில்லை. வெளிநாட்டில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் பிடிக்கின்றன. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய் இதற்கே போய்விடும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் உண்டு, கிளம்புமுன் விசாரியுங்கள்.

கடைக்காரர் நீட்டும் கருவியில் 'ரூபாயா, உள்ளூர் நாணயமா' என்று கேட்கும். பழக்கத்தில் விரல் ரூபாய்க்குத்தான் போகும். வேண்டாம்! அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். உள்ளூர் நாணயத்தையே தொடுங்கள்.

இலங்கையிலும் மொரீஷியசிலும் 2024 பிப்ரவரி 12 முதல் யுபிஐ வசதி இருக்கிறது. செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வையுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பொதுவாக 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74 வாட்-மணி. மேலே அச்சிட்ட எண் அழிந்துபோன பழையதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தில்லி விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் 2024 ஜூன் 22 அன்று விரைவுக் குடியேற்றச் சோதனை தொடங்கியது. இணையத்தில் பதிந்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்தவர்கள் நீண்ட வரிசையில் நிற்காமல் தானியங்கி வாயில் வழியே போகலாம். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஒப்புதலுக்கு நாளாகும், டிக்கெட் எடுக்குமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.