மாடிப்படிக்கு கிரானைட்டா, டைல்ஸா, மரமா? பளபளப்பை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

ஹால் டைல்ஸ் வாங்க பத்து கடை ஏறி இறங்குவோம். மாடிப்படி என்று வந்தால், "மிச்சம் இருக்கிற கிரானைட்டையே போட்டுடலாம்" என்று முடித்துவிடுவோம். ஆனால் தரையில் வழுக்கினால் அந்த இடத்திலேயே விழுவோம்; படியில் வழுக்கினால் கீழே வரை உருள வேண்டியிருக்கும். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஈரக் காலோடு இறங்கினால் பிடிப்பு இருக்குமா?

கிரானைட்

வீட்டுப் படிகளுக்கு பொதுவாக 18 முதல் 20 மி.மீ. தடிமன் கல் போடுகிறார்கள். ஒரு படிக்கு ஒரே பலகை என்பதால் நடுவில் ஜாயின்ட் வராது, நீண்ட காலம் உழைக்கும். சிக்கல் பாலிஷில்தான். தண்ணீர் பட்டால் பாலிஷ் கல் வழுக்கும். அதனால் கால் வைக்கும் பகுதிக்கு சொரசொரப்பான லெதர் ஃபினிஷ், செங்குத்தாக நிற்கும் ரைசருக்கு மட்டும் பாலிஷ் என்று பிரித்துக் கேட்கலாம். பாலிஷ் கல்தான் வேண்டும் என்றால், விளிம்பை ஒட்டி இரண்டு, மூன்று கோடுகள் வெட்டச் சொல்லுங்கள். அதில் அழுக்கு சேரும். அவ்வப்போது பிரஷ் போட வேண்டும். விளிம்பு மோல்டிங்குக்கும் கோடு வெட்டவும் ரன்னிங் அடி கணக்கில் தனிக் கூலி கேட்பார்கள். முன்பே பேசிவிடுங்கள்.

டைல்ஸ்

தரை டைல்ஸை வெட்டிப் படியில் ஒட்டினால் விளிம்பு கூராக இருக்கும், சீக்கிரம் உடையும். முன்பக்கம் உருண்டையாகவும் கோடுகளோடும் வரும் ஸ்டெப் டைல்ஸ் நல்லது. ஆர்-9 முதல் ஆர்-13 வரை வழுக்காத் தன்மைக்கு குறியீடு உண்டு; எண் கூடக் கூட பிடிப்பு அதிகம். ஆர்-10 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். அடியில் வெற்றிடம் இல்லாமல் ஒட்டுவது முக்கியம். தட்டினால் 'டொக் டொக்' என்று வெறும் சத்தம் வரும் டைல்ஸ், மிதிக்க மிதிக்க விரிசல் விடும்.

மரம், கார்ப்பெட்

தேக்கு காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் செலவு அதிகம். கரையான் தடுப்பும் பராமரிப்பும் தேவை. கண்ணாடி போல வார்னிஷ் அடித்தால் மரமும் வழுக்கும். கார்ப்பெட்டில் பிடிப்பு உண்டு. நம்ம ஊர் தூசிக்கும் ஈரத்துக்கும் சுத்தம் செய்வதுதான் கஷ்டம்.

பலர் கோட்டைவிடும் விஷயம்

தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-ன்படி, வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் அகலம் குறைந்தது 250 மி.மீ. வேண்டும். படியில் கல்லும் கலவையும் சேர்ந்து 50 மி.மீ. ஏறி, தரையில் 30 மி.மீ. மட்டும் ஏறினால், முதல் படி 20 மி.மீ. உயரமாகிவிடும். மேல் தளத்திலும் அப்படியே என்றால் கடைசிப் படி அதே அளவு குறையும். ஒரே அளவில் ஏறிப் பழகிய கால் அங்கேதான் தடுக்கும். பழைய படி மேலேயே புது டைல்ஸ் ஒட்டினாலும் இதே பிரச்சனைதான். எனவே தரைக்கும் படிக்கும் சேர்த்தே லெவல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பாலிஷ் கல் போட்டாச்சா?

பெயர்க்க வேண்டாம். விளிம்பில் சொரசொரப்பான ஆன்டி-ஸ்லிப் டேப் ஒட்டலாம். கல்லின் நிறத்துக்கு மாறான நிறமாக இருந்தால் மங்கலான வெளிச்சத்திலும் விளிம்பு தெரியும். ஒட்டாமல் சும்மா விரிக்கும் மிதியடி மட்டும் வேண்டவே வேண்டாம். அதுவே ஆளைத் தள்ளிவிடும். மேலேயும் கீழேயும் இருந்து போடக்கூடிய டூ-வே ஸ்விட்ச் விளக்கும் அவசியம்.

கடையில் ஒரு சின்ன சோதனை: சாம்பிள் துண்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்கள் படிக்கு வேண்டாம்.